ஆஹா அண்ணாச்சியின் ஆதி தாளம்

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களில் தாளத்துக்கு ஆஹா அண்ணாச்சி அளவுக்குச் சேதம் விளைவித்தவர் வேறு யாரும் கிடையாது. கோபத்தில் சொல்லவில்லை. கச்சேரிகளில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தவன் என்கிற தகுதியில் சொல்கிறேன். உற்சாகம் மிஞ்சினால் அவர் கை விழுவது என் தொடையில்தான்.

நெல்லை டவுனில் அவருக்குப் பாத்திரக் கடை. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கடைப் பலகையில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் ஆஹா அண்ணாச்சி. கச்சேரி எங்கே நடந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு 'ஆஹா' சொல்வார். மனம் நிறைந்துதான் சொல்வார். ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சொல்வார். பாடுகிறவர் அந்த நல்ல இடத்தைத் தாண்டி, அடுத்த வரிக்குப் போய், பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக் குடிக்கும்போது அந்த 'ஆஹா' வந்து சேரும். ஒரு பாகவதருக்குப் புரை ஏறியே விட்டது.

காது மட்டும் அபாரமான காது. சுருதி ஒரு நூல் விலகினாலும் அவருக்கு முகம் சுளிக்கும். கடையில் பித்தளைக் குடம் வாங்க வருகிறவர்கள் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கத்தான் தட்டிப் பார்ப்பார்கள். அண்ணாச்சி வேறு காரணத்துக்காகத் தட்டுவார்.

"எம்மா, இது ரெண்டரைக் கட்டை. வீட்டுல ஏற்கனவே இருக்க கொடம் எத்தன கட்டை?"

"தெரியலையே அண்ணாச்சி. பன்னெண்டு லிட்டர் புடிக்கும்."

"லிட்டரு கெடக்கட்டும். நாளைக்கு அதையும் தூக்கிட்டு வாங்க. ஒண்ணோட ஒண்ணு சேராத கொடத்த அடுப்படியில வச்சா, வீட்டுல பேச்சு வார்த்தை வளரும்."

அந்தம்மாள் மறுநாள் உண்மையிலேயே பழைய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தாள். எங்கள் ஊர் அப்படி.

இப்படிப்பட்ட காதைக் கொடுத்த கடவுள், எண்ணிக்கையைக் கொடுக்க மறந்துவிட்டார். ஆதி தாளம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல், பிறகு ஒரு தட்டு, ஒரு திருப்பு, இன்னொரு தட்டு, இன்னொரு திருப்பு. ஆக எட்டு. நாமெல்லாம் எட்டு என்று ஒப்புக்கொண்டு பிழைக்கிறோம். அண்ணாச்சிக்கு அது ஒரு யோசனை மாத்திரம். பாட்டு பிடித்திருந்தால் ஏழில் முடிப்பார். மிகவும் பிடித்துவிட்டால் ஒன்பது, பத்து என்று தாராளமாகப் போவார். உருகிப்போனால் திருப்பிய கை திருப்பியபடியே அந்தரத்தில் நிற்கும். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

எங்கள் தெருக் கோயிலில் நவராத்திரிக்கு ஒன்பது நாளும் கச்சேரி நடக்கும். நான் பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். சாயங்காலம் வீடு திரும்பினால் கோயில் கமிட்டி உறுப்பினர். ஒரு வருஷம் சென்னையிலிருந்து பெரிய பாடகி ஒருவரை அழைத்திருந்தோம். கண்ணை மூடிப் பாடியவரைக்கும் அம்மாளுக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணைத் திறந்தபோது நேர் எதிரே அண்ணாச்சியின் கை. அது விழுந்த உறுதியைப் பார்த்தால், தப்பு நம் பக்கம்தான் போலிருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். அம்மாள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். மிருதங்கக்காரர் அம்மாளை நம்பிப் போனார். வயலின்காரர் ஒருவரையும் நம்பவில்லை. பாட்டு மூன்று வெவ்வேறு இடங்களில் முடிந்தது. அண்ணாச்சி நான்காவதாக ஓர் இடத்தில் "ஆஹா" என்றார்.

கச்சேரி முடிந்ததும் அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டார். "முன்னால வெள்ளைச் சட்டையில உட்கார்ந்திருந்தாரே, அவர் யார்கிட்ட தாளம் கத்துண்டார்?"

"யார்கிட்டயும் இல்லை, அம்மா. சொந்தமாப் போடுதாரு."

கமிட்டி அவசரமாகக் கூடியது. அண்ணாச்சியின் இரண்டு கைக்கும் ஏதாவது வேலை கொடுத்துவிடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் சுண்டல் தாம்பாளத்தை மடியில் வைத்தோம், காலால் போட்டார். அதற்கு மறுநாள் செயலாளரின் பேத்தியை, கைக்குழந்தை, வைத்துக்கொள்ளச் சொன்னோம். குழந்தையை ஏழுக்கும் ஒன்பதுக்கும் மாற்றி மாற்றி ஆட்டியதில் அது வீறிட்டு அழுதது. மூன்றாம் நாள் குத்துவிளக்கைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னோம். தலையால் போட்டார். தலைத் தாளம் கைத் தாளத்தைவிட மோசம், பின்வரிசைக்கும் தெரியும். கடைசியில் அவர் பக்கத்தில் ஓர் ஆளை உட்காரவைத்து, வேகம் மிஞ்சும்போது கையைப் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. ஆள் நான்.

அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பாட வருகிறவர்களை ஸ்டேஷனில் வெந்நீர்ப் பிளாஸ்க்கோடு எதிர்கொள்கிறவர் அவர்தான். கச்சேரி முடிந்ததும் ஊரே பாடியவரைச் சூழ்ந்துகொள்ள, அண்ணாச்சி நேராகப் பின்னால் தம்பூரா மீட்டிய அம்மாளிடம் போவார். "ரெண்டரை மணி நேரம் ஒரு எடத்துலயும் வெலகல தாயி. ஒங்களாலதான் இன்னைக்குக் கச்சேரி நின்னுச்சு" என்று கும்பிடுவார். இருபது வருஷமாகத் தம்பூரா மீட்டும் அந்தம்மாளிடம் அதுவரை யாரும் எதுவும் சொன்னதில்லையாம். தூணுக்குப் பின்னால் போய் அழுததை நானே பார்த்தேன்.

கல்யாண வீட்டிலும் அப்படித்தான். பத்திரிகை வந்ததா என்பது அவருக்கு விஷயமில்லை. நாகஸ்வரச் சத்தம் கேட்டால் போதும், ஒரு நாற்காலியை இழுத்து மேளக்காரர்களுக்கு எதிரே போட்டுக்கொள்வார். மண்டபமே புடவை விலை பேசிக்கொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். பந்தியில் இலை போட்டதும் வாசலை மறித்து நின்று, "மேளக்காரவ சாப்பிட்டாவளா?" என்பார். பெண்ணின் தகப்பனாருக்குக் கோபம் வந்து, "நீரு யாரு வே? மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்று கேட்டால், "நான் மேளத்து வீடு" என்பார்.

சங்கீதம் நோயைத் தீர்க்கும் என்பதில் அவருக்கு டாக்டர்களுக்கே இல்லாத உறுதி இருந்தது. கடைக்கு வந்து இருமினால் ஒரு ராகம், தும்மினால் ஒரு ராகம் எழுதிக் கொடுப்பார். எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க் பல் டாக்டருக்குப் பயந்து மூன்று மாதம் பல்வலியோடு திரிந்தார். அண்ணாச்சி அவர் வீட்டுக்கே போய் ஒன்றரை மணி நேரம் பைரவி பாடினார். மறுநாள் காலையில் டாக்டர் வருவதற்கு முன்பே ஹெட்கிளார்க் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். பல் போயிற்று, வலியும் போயிற்று. "பைரவி கைவிடாது" என்றார் அண்ணாச்சி.

இப்போது ஏரலார். ஏரல் ஊர்க்காரர், தவில் வித்வான், அறுபதை நெருங்குகிறவர். மேளக்காரர்கள் நடுவே அவரைக் கணக்குப் புலி என்பார்கள். பஸ் நாலு நிமிஷம் தாமதமானால் கண்டக்டரிடம் அந்த நாலு நிமிஷத்துக்கு விளக்கம் கேட்கிற மனிதர். அவருக்கு இந்த உலகத்தில் ஆகாதது ஒன்றே ஒன்று, அண்ணாச்சியின் வலது கை. அண்ணாச்சிக்கோ இந்த உலகத்தில் ஒரே தவில் ஏரலாருடையது. ஏரலார் வாசிக்கிற கல்யாணம் எந்த ஊரில் என்றாலும் போய் எதிரே உட்கார்ந்துவிடுவார். ஒரு தடவை அம்பாசமுத்திரத்தில் ஒரு முகூர்த்தத்தில் பொறுக்கமாட்டாமல் ஏரலார் தவில் கம்பை எடுத்து வீசிவிட்டார். அது அண்ணாச்சியின் காதை உரசிப் போய்ப் பெண்ணின் சித்தப்பா மடியில் விழுந்தது. அண்ணாச்சி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வித்வான் கையால கெடச்சது" என்று சொல்லி, கடைக்குக் கொண்டுவந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

ஒரு தை மாதக் காலையில் ஏரலார் சட்டைப் பொத்தானைப் போடப்போன வலது கை பாதி வழியில் நின்றுவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணியது. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். பேச்சு வரவில்லை. வலது கை வரவில்லை. தவிலில் கம்பு பிடிப்பது இடது கை. உறை போலக் கெட்டிக் கூடு மாட்டிய விரல்களால் பேசுவது வலது கை. அந்தக் கை இல்லையென்றால் தவில் இல்லை. முதல் சில மாதம்தான் முக்கியம், விடாமல் பயிற்சி செய்தால் வரலாம் என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார்.

ஏரலார் பயிற்சி செய்யவில்லை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பிசியோதெரபிப் பெண் ஒருத்தி ஸ்கூட்டரில் வந்து ஒரு மஞ்சள் ரப்பர் பந்தை அவர் கையில் வைப்பாள். அது உருண்டு கீழே விழும். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். மனைவி அவருடைய பழைய வாசிப்பையே போட்டுக் காட்டியதற்கு, இடது கையால் பிளக்கைப் பிடுங்கிவிட்டாராம். அவரோடு வாசிக்கும் நாகஸ்வரக்காரர் டவுனுக்கு வந்தபோது இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி பகலில் கடை அடைத்து நான் பார்த்ததில்லை. அன்று சனிக்கிழமை, பதினொரு மணிக்கு அடைத்துவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"லே, வா. ஏரலுக்குப் போவோம். ஒத்தையில போவ எனக்குப் பயமா இருக்கு."

"என்ன பயம் அண்ணாச்சி?"

"என்னையப் பார்த்தா அவரு கம்பைத் தேடுவாரு. இன்னைக்குத் தேடலைன்னா நான் என்னலே செய்வேன்?"

பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து மனசு தாங்காமல் நீலாம்பரி முனகத் தொடங்கினார். தூங்கவைக்கிற ராகம். வழியில் கண்டக்டர் வந்து, "அண்ணாச்சி, பைய எந்திரிச்சுக் கடைசி சீட்டுக்கு வாங்க. டிரைவரு ரெண்டு தடவ கொட்டாவி விட்டுட்டாரு" என்றார்.

ஏரலார் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நாங்கள் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. கம்பைத் தேடவும் இல்லை. அண்ணாச்சி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார் ஏரலாரின் மனைவி. "பாட்டுச் சத்தம் கேட்டாலே அவுகளுக்கு ஆவ மாட்டேங்கு."

"கல்யாணி, மதினி. மருந்து. கொஞ்சம் கசக்கும்."

நாகஸ்வரத்தில் கல்யாணி ஆலாபனை. ஏரலாரிடம் அசைவில்லை. பிறகு பாட்டு தொடங்கித் தவில் சேர்ந்தது. அண்ணாச்சி கண்ணை மூடினார். தொடையில் தாளம் போடத் தொடங்கினார். முதல் சுற்று ஏழு. அடுத்தது ஒன்பது. மூன்றாவது எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. நான் வழக்கப்படி கையைப் பிடிக்கப்போனேன். அப்போதுதான் ஏரலாரின் முதுகைப் பார்த்தேன். தாளம் தப்பிய ஒவ்வோர் இடத்திலும் அவருடைய தோள் துள்ளியது. நான் கையைப் பிடிக்கவில்லை.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஏரலார் மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார். கோணிய வாய் இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது. இருபத்திரண்டு நாளாக ஒரு சொல் வராத அந்த வாயிலிருந்து ஒரு சொல் வந்தது.

"மூதி!"

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. மதினி ஓடிவந்தார். "பேசிட்டாவ! ஐயோ, பேசிட்டாவளே!" என்று சாமி விளக்குக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். அண்ணாச்சிக்கு இரண்டு கண்ணிலும் தண்ணீர்.

"நான் சொன்னேம்லா மதினி? கல்யாணி!"

அன்றிலிருந்து அண்ணாச்சி தினமும் போனார். காலையில் கடை, மதியம் ஏரல். சனி ஞாயிறுகளில் நானும். ஒரு வாரத்தில் ஏரலாரின் பேச்சு 'செத்த மூதி' வரை வளர்ந்தது. அடுத்த வாரம் ஏரல் வட்டாரத்தில் புழங்கும் வசவுகளில் பாதி திரும்பி வந்துவிட்டது. பிசியோதெரபிப் பெண் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவள், நல்ல பிள்ளை. நோட்டில் 'புதிய சொற்கள்' என்று தலைப்புப் போட்டு வைத்திருந்தவள், எழுதக் கூச்சப்பட்டு எண்ணிக்கையை மட்டும் குறித்தாள்.

விஷயம் அவளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. தாளம் தப்புகிற இடத்தில் ஏரலார் இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கித் தட்டுவார், இங்கே விழ வேண்டும் என்று காட்ட. அவள் ஒரு நாள் அந்த இடது கையைத் துண்டால் மடியோடு கட்டிவிட்டாள். "இப்ப அந்த சாரைப் போடச் சொல்லுங்க" என்றாள் என்னிடம் ரகசியமாக. அண்ணாச்சி போட்டார். ஏரலார் பல்லைக் கடித்தார், வைதார், துண்டை இழுத்தார். கடைசியில் எதற்கும் உதவாமல் கிடந்த வலது கையில் சுண்டுவிரல் அசைந்தது. ஆதி தாளத்தில் தட்டுக்குப் பிறகு முதலில் எண்ணுவது சுண்டுவிரல்தான். பந்தை வைத்து அவள் நாற்பது நாள் கெஞ்சியதற்கு அசையாத விரல். அவள் போய் மதினியைக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அண்ணாச்சி எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தார். வித்வானுக்கு எதிரே உட்கார்கிறோமே, ஒழுங்காகத் தெரிந்துகொண்டு போடுவோம் என்று நினைத்து, எங்களிடம் சொல்லாமல் பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார் ஒருவரிடம் தாளம் கற்கப் போய்விட்டார். ஐம்பத்தெட்டு வயதில். விடிகாலையில் போய் மூன்று வாரம் படித்திருக்கிறார். ஒரு திங்கட்கிழமை ஏரலுக்குப் போய் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அரிசி அளக்கிறவரைப் போல உதட்டுக்குள் எண்ணி, ஆதி தாளத்தைச் சரியாகப் போட்டார்.

ஏரலார் கொஞ்ச நேரம் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு தலையணையில் சாய்ந்தார். அப்படியே தூங்கிப்போனார். செவ்வாய், புதன், வியாழனும் அதே கதை. வசவு இல்லை, துள்ளல் இல்லை. திருத்த ஒன்றும் இல்லாததால் கை மடியில் சும்மா கிடந்தது. அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். "சார், நாலு நாளா விரல் அசையவே இல்லை. இந்த நேரத்துல விட்டா அப்புறம் வராது சார். அவங்களைப் பழையபடி போடச் சொல்லுங்க."

எப்படிச் சொல்வது? அண்ணாச்சி, ஒம்ம தாளம் தப்பு, அந்தத் தப்புதான் மருந்து, கல்யாணி இல்லை என்றா? கடையில் போய் அரை மணி நேரம் எவர்சில்வர் தூக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பது வருஷமாக முன்வரிசையில் உட்கார்ந்து அந்த மனுஷன் சேர்த்துவைத்த ஒரே சந்தோஷத்தை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. பொய் சொன்னேன்.

"அண்ணாச்சி, நீங்க முன்ன மாதிரி ரசிக்க மாட்டேங்கீய. எண்ணிக்கிட்டே இருக்கீய. நீங்க ரசிச்சாதான ராகம் அவருக்குப் போய்ச் சேரும்?"

அண்ணாச்சி துடைத்துக்கொண்டிருந்த தூக்கைக் கீழே வைத்தார். "ஆமாலே" என்றார். "நாலு நாளா எனக்கே பாட்டுக் கேக்கல. எண்ணிக்கைதான் கேக்கு." பிறகு தாழ்ந்த குரலில், "வாத்தியாரு கோவிச்சுக்க மாட்டாருல்ல?" என்றார்.

"அவரு சந்தோஷப்படுவாரு அண்ணாச்சி." அது மட்டும் பொய்யில்லை.

மறுநாள் ஏழு, பத்து, ஒன்பது என்று மழை கொட்டியது. ஏரலார் விழித்துக்கொண்டார். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணாச்சியின் கை தவறான இடத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஏரலாரின் வலது கை எழுந்துவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்தபடி ஒரு கணம் நிறுத்திவைத்து, சரியான இடம் வந்ததும் கீழே கொண்டுபோய்த் தட்டியது. அண்ணாச்சி கண்ணை மூடியிருந்ததால் யார் கை என்று அவருக்குத் தெரியவில்லை. "விடுலே, ரசிச்சிட்டிருக்கேன்" என்றார் என்னை நினைத்து.

அந்த வருஷ நவராத்திரியில் எட்டாம் நாள் ஏரலாரின் மேளம். முழுக் கை திரும்பவில்லை. இரண்டு விரல் இன்னும் சோம்பல்தான். பேச்சும் இரண்டிரண்டு சொல்லாகத்தான். பக்கத்தில் துணைக்கு அவர் மச்சினர் ஒரு தவிலோடு உட்கார்ந்தார். ஏரலார் வாசிப்பாரா, பாதியில் நிறுத்திவிடுவாரா என்று டவுனே வந்து நின்றது. நிறுத்திவிட்டால் இனி தவிலைத் தொட மாட்டார் என்று மதினி காலையிலேயே என்னிடம் அழுதிருந்தார். கமிட்டி என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது: இன்றைக்கு ஒரு நாளாவது அண்ணாச்சி கையை விடாமல் பிடித்துக்கொள்.

பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணாச்சி வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி?"

"இன்னைக்கு வேண்டாம்லே. எனக்குச் சில சமயம் கொஞ்சம் முன்ன பின்ன போயிருது. அவரு பாவம், இப்பதான் எந்திரிச்சிருக்காரு."

ஒன்பது வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு எவ்வளவு காலமாகத் தெரியும், எவ்வளவு தெரியும் என்று இன்றுவரை நான் கேட்கவும் இல்லை.

நாகஸ்வரம் எடுத்தது. ஏரலார் சேர்ந்தார். நாலு சுற்று போயிற்று. ஐந்தாவதில் வலது கை தயங்கியது. தவிலில் ஒரு சொல் விழுந்தது, அடுத்தது விழவில்லை. மச்சினர் தாங்கிப்பிடித்து வாசித்தார். ஏரலார் கையைத் தவிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாகஸ்வரமும் நின்றது. தூண் ஓரத்தில் மதினி வாயைப் பொத்திக்கொண்டார்.

ஏரலார் தலையைத் தூக்கிப் பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தார். எதையோ தேடினார்.

"கை எங்க வே?" என்றார்.

அண்ணாச்சி தொடைக்கு அடியிலிருந்து கையை வெளியே எடுத்துக் காட்டினார்.

"போடும்."

"வேண்டாம் வித்வானே..."

"போடும் வே!"

அண்ணாச்சி போட்டார். ஒரு தட்டு, மூன்று விரல், ஒரு தட்டு. அதற்குப் பிறகு அவர் அழத் தொடங்கிவிட்டதால் திருப்பிய கை திருப்பியபடியே நின்றுவிட்டது. எட்டு முடிந்து அடுத்த சுற்று தொடங்க வேண்டிய இடம் நெருங்கியது. ஏரலாருக்கு முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அந்த இடத்தில் அவருடைய வலது கை இறங்கி விழுந்தது. தூண்கள் அதிர்ந்தன. பிறகு ஒன்றரை மணி நேரம் அந்தக் கை நிற்கவில்லை.

நான் அண்ணாச்சியைப் பிடிக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் தாளம் போட்டேன், அவர் ஏழு என்றால் ஏழு, பத்து என்றால் பத்து. சரியான தாளம் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவரைத் தனியே விட்டுவிட்டு அதைப் போட எனக்கு மனம் வரவில்லை.